காய்க்காத அன்னாசிகள்

1

நான் பாகூருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டதாம். எனக்கு நினைவில்லை. என் மகள் கயல்தான் செல்போனை நீட்டினாள். "யம்மா, நீ இந்தியா வந்த அன்னிக்கி எடுத்த போட்டோ வருது பாரு" என்றாள். சென்னை விமான நிலைய வாசலில் நான் நிற்கிறேன். இடுப்பில் கைக்குழந்தையாக அவள், தோளில் மைலோ பாக்கெட்டுகள் பிதுங்கும் பை, முகம் நிறையச் சிரிப்பு. இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடப் போகிறவளின் சிரிப்பு அது. அட, பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மலேசியாவில், நம் தைப்பிங்கில் இருக்கும் உங்களில் சிலர் இன்னமும் கேட்கிறீர்கள். "பாண்டிச்சேரியிலதானே இருக்கே, கடல், பிரெஞ்சு பங்களா, ஜாலிதான் லா!" ஐயா, அம்மா, அந்தக் கடலைப் பார்க்க நான் பஸ் பிடித்துப் போக வேண்டும். எங்கள் ஊரில் நெல்லும் கரும்பும் ஒரு பெரிய ஏரியும் இருக்கின்றன. காலையில் டிராக்டர் சத்தத்தில் விழிப்பு வரும். நம் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஒப்பந்த வேலைக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்ட சேகர், இப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்கும் நேரம். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே பகலில் வீட்டில் நானும், மாமாவும், செடிகளும்.

மாமா என்றால் சேகரின் அப்பா. வாழையும் கரும்பும் போட்டுக் கைகாய்த்த மனிதர். வந்த புதிதில் ஒரு காலை, "பசியாறிட்டீங்களா மாமா?" என்று கேட்டுவிட்டேன். நமக்கெல்லாம் அது சாதாரணப் பேச்சு. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெருவில் போனவரைக் கூப்பிட்டு, "இன்னா சொல்லுது பாரு எம் மருமவ, பசியாறிட்டீங்களாவாம், கோயில்ல அன்னதானம் போடற மாரி!" என்றார். அதன் பிறகு நான் "சாப்டீங்களா"வுக்கு மாறிவிட்டேன். ஆனால் அவர் விடவில்லை. விருந்தாளி வந்தால் இன்றைக்கும் அந்தக் கதை ஒருமுறை ஓடும்.

2

செடிகளைப் பற்றிச் சொல்கிறேன். புரோமிலியாட் என்றால் உங்களுக்குத் தெரியும். அங்கே பாதி வீட்டு வேலியில் நிற்கும். அன்னாசிக் குடும்பம், இலைகள் ரோஜாப்பூ மாதிரி சுற்றிச் சுற்றி அடுக்கி, நடுவில் ஒரு குவளை. வேர் சும்மா பிடித்துக்கொள்ளத்தான். குடிப்பது அந்தக் குவளையில் நிற்கும் தண்ணீரை. என் அம்மா பழைய பெயிண்ட் டின்களில் வரிசையாக வைத்திருந்தாள். அவள் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதாக எனக்கு நினைவே இல்லை. தைப்பிங்கில் அந்த வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். மத்தியானம் ஆனால் மழை, குவளை நிறைந்துவிடும்.

இங்கே வானத்தை நம்பினால் அவ்வளவுதான். ஐப்பசியில் கொட்டித் தீர்க்கும், அப்புறம் திரும்பிப் பார்க்காது. போர் தண்ணீரை ஊற்றினால் குவளைக்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். அதனால் மழை நாளில் டிரம்களில் பிடித்து, வாய்க்குத் துணி கட்டி வைத்துக்கொள்வேன். தீர்ந்தால் சமையலறை ஃபில்டர் தண்ணீர். "குடிக்கற தண்ணிய கொண்டும் போயி அன்னாசிக்கு ஊத்தற!" என்று சேகர் கத்துவார். கத்தட்டும்.

முதல் செடி கடலூர் ரோட்டு நர்சரி ஒன்றில் கிடைத்தது, நியோரெஜீலியா என்ற வகை. விற்றவருக்கே பெயர் தெரியவில்லை, "ஃபாரின் செடிக்கா" என்றார். என்னையும் இந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் வாங்கி வந்தேன். பிறகு வாட்ஸ்அப்பில் செடி சேர்ப்பவர்களின் குழுவில் நுழைந்தேன். கேரளத்திலிருந்து கூரியரில் வேரோடு, செய்தித்தாள் சுற்றி வரும். குஸ்மேனியா வகை இரண்டு கோடைகூடத் தாங்கவில்லை. பச்சை வலைக்குக் கீழே வைத்தால் நியோரெஜீலியாவும் ஏக்மியாவும் பிழைக்கும். வலை நெருக்கமாக இருந்தால் சிவப்பு வெளுத்துப் பச்சையாகிவிடும். வலை இல்லாவிட்டால் அக்னி நட்சத்திரத்தில் இலை தீய்ந்து ஓட்டை விழும். சித்திரை வைகாசியில் தினமும் வலையை இழுத்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக என் பிழைப்பு ஓடும். ஒன்று இரண்டாகி, இரண்டு குட்டி போட்டுப் பெருகி, இப்போது பின்கட்டு முழுக்க அவைதான். எண்ணிப் பார்க்க எனக்குப் பயம்.

ஊரே அன்னாசி என்கிறது. "இன்னா தேவகி, எப்ப காய்க்கும்?" என்று கேட்காத ஆள் இல்லை. முதலில் விளக்கம் சொன்னேன். இப்போது "அடுத்த மாசம்" என்று சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் திருப்தி.

மாமாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மண்ணே இல்லாமல், தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு ஒரு செடியை வளர்ப்பதா? ஒரு நாள் நான் கயலின் பள்ளிக்கூடம் போய்த் திரும்பியபோது, நான் பிரித்து வைத்திருந்த குட்டிகளையெல்லாம் வாழைக்கன்று நடுகிற மாதிரி கொல்லையில் முழங்கால் ஆழக் குழி வெட்டிப் புதைத்து, மேலே தொழுவுரம் கொட்டி, தண்ணீரும் விட்டு வைத்திருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாரு, இனிமே எப்பிடிக் கெளம்புதுன்னு" என்றார். ஒரு வாரத்தில் எல்லாம் அழுகிப் பிசுபிசுத்துப் போயின. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? அவர் கெடுதல் நினைத்துச் செய்தால் அல்லவா சண்டை போடலாம்.

3

இவ்வளவு செடி சேர்ந்ததற்குக் காரணம் ஆசை மட்டும் இல்லை. வீட்டைவிட்டு நகர முடியாததுதான் காரணம்.

இத்தனை வருடமும் வருடா வருடம் வீசாவை நீட்டித்துத்தான் இருந்தேன். கயல் வளர வளர, இனி அட்டையே வாங்கிவிடலாம், ஆயுசுக்கும் வரப்போக இருக்கலாம் என்று ஓ.சி.ஐ., அதாவது வெளிநாட்டு இந்தியர் அட்டைக்கு விண்ணப்பித்தோம். கணினி முதல் பக்கத்திலேயே என்னை மறுத்தது. நம் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, பி என்று போட்டு ஒரு சாய்கோடு இருக்கிறதல்லவா, இன்னாரின் மகள் என்பதற்கு? அந்தக் கோட்டை இங்கே கணினி ஏற்காது. கோடு இல்லாமல் போட்டால் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாது. அந்த ஒரு கோட்டுக்காக உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, தூதரகத்துக் கடிதம் என்று அலைந்தேன். அலுவலகத்தில் இருப்பவர்கள் மரியாதையானவர்கள், அதைச் சொல்லியாக வேண்டும். "உக்காருங்கம்மா" என்பார்கள். உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு முதுகுவலி வந்தது.

கடைசியில் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து, நான் இங்கேதான் குடியிருக்கிறேனா என்று நேரில் பார்க்க வேண்டும். எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார்கள். வரும்போது நான் இருக்க வேண்டும். அதுவரை நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் அம்பேல். அங்கே போய் முதலிலிருந்து வீசா கேட்டு நிற்க வேண்டும். கயலுக்கோ பிளஸ் டூ. எத்தனை மாதம் அவளை விட்டுவிட்டு அங்கே நிற்பது? "இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்றார்கள். சரி, கொஞ்ச நாள்தானே என்று இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அம்மா விழுந்தாள்.

பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது. பேச்சு குழறியது. என் தம்பி குமார், "அக்கா, வந்து பார்த்துட்டுப் போ லா" என்று அழுதான். வரேன், வரேன் என்றேன். தினமும் காலையில் செல்போனில் அம்மாவைக் காட்டுவான். என்னைப் பார்த்தால் அவள் கண் கலங்கும், வாய் கோணும், என்ன சொல்ல வருகிறாள் என்று இருவருக்குமே புரியாமல் இருவரும் அழுவோம். ஒரு நாள் தற்செயலாகப் போனைச் செடிகள் பக்கம் திருப்பினேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு செடியாகக் காட்டினேன். குட்டி வந்த செடியைப் பார்த்ததும் இடது கையால் வெட்டுகிற மாதிரிச் செய்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இப்போது பிரிக்காதே, இன்னும் பெரிதாகட்டும் என்கிறாள்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. நான் காட்டுவேன், அவள் தலையாட்டுவாள், முறைப்பாள்.

கயலைக் கூப்பிட்டால் வர மாட்டாள். "நான் இன்னாம்மா பேசறது? அவங்களுக்கு நான் யாருன்னே தெரியாது. அது உன் ஊரு" என்பாள். இடுப்பில் வைத்துக் கொண்டுவந்த பிள்ளை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அவள் சொல்வதிலும் பொய்யில்லை.

இதையெல்லாம் மாமா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் நான் போனை எடுத்தால், அவராகப் போய் வலையை விலக்கி வெளிச்சம் விடுவார், அம்மாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

4

மழை விட்டதும் பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்கு டெங்கு வந்தது. சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாக இறங்கினார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்த பெண் டார்ச் அடித்து ஒரு குவளைக்குள் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம், "சார், இங்க வந்து பாருங்க!" என்று கத்தினார்.

மறைப்பானேன், புழு இருந்தது. வாரம் ஒருமுறை பீய்ச்சிக் கழுவுவேன். அம்மா விழுந்ததிலிருந்து அது தவறிப்போயிருந்தது. கூட வந்த மேற்பார்வையாளர், சட்டையும் பேண்ட்டுமாக, சீருடை இல்லாதவர், தலையில் கை வைத்துக்கொண்டார். "எம்மா, டயரு, கொட்டாங்குச்சின்னு ஊரெல்லாம் தேடிக்கினு இருக்கோம். நீங்க வரிசையா தொட்டி கட்டி வளக்கறீங்களே! அடுத்த வாரம் வருவன். அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும். இல்லன்னா கொம்யூன் பஞ்சாயத்து வண்டிய வரச்சொல்லி அள்ளிக்கினு பூடுவன்."

அவர் மேல் தப்பில்லை, குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. ஆனால் இதுவும் போனால் நாளைக் காலை அம்மாவுக்கு நான் எதைக் காட்டுவது? சமையலறையில் போய் நின்று அழுதேன். மாமா வாசல்வரை வந்தார்.

"தெனம் தண்ணிய மாத்திட்டா புழு வராதில்ல?"

"வராது மாமா."

"அப்ப மாத்திக்கலாம். நானும் கூட நிக்கிறன். அந்தாளு வந்தா நான் பேசிக்கிறன், நீ வெளிய வராத."

சொன்னபடி மறுநாளிலிருந்து அவரும் இறங்கினார். செடியைச் சாய்த்துப் பழைய தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து குனிந்து ஒவ்வொரு குவளையாகத் துணியால் துடைப்பார். வாழைக்காட்டில் வேலை செய்த கை. இலையின் முள்விளிம்பு கீறி ரத்தம் வரும். வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

5

அவர் சொன்ன வாரத்தில் ஒரு முற்பகலில் யாரோ வந்தார்களாம். நான் பின்கட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு, ரப்பர் குழாயால் செடிகளைப் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்தபோது மாமா சிரித்தார். "கொசுக்காரரு வந்தாரு. பேசி அனுப்பிச்சிட்டன்" என்றார். நல்லது என்று என் வேலையைப் பார்க்கப் போனேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான், ஏன் இன்னும் போலீஸ் வரவில்லை என்று கேட்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"நீங்க மலேசியா போயிட்டதா ரிப்போர்ட் வந்திருக்கேம்மா."

"நானா?"

"வீட்டுல பெரியவர் சொன்னதா எழுதியிருக்காங்க. ஊருக்குப் போயாச்சு, எப்ப வருவாங்கன்னு தெரியாதுன்னு. அதனால ஃபைலை மூடிட்டாங்க. நீங்க எழுதிக் கொடுத்தா மறுபடி அனுப்பச் சொல்லலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே, அந்த நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். காகிதத்தில் நான் ஊருக்குப் போய்விட்டேன்! அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன்! அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து, சும்மா கேட்கிற மாதிரி மாமாவைக் கேட்டேன். "அன்னிக்கு வந்தவர்கிட்ட என்ன மாமா சொன்னீங்க?"

அவருக்கு ஒரே பெருமை. "தேவகி யாரு, இருக்காங்களான்னு கேட்டான். சட்டையும் பேண்ட்டுமா, கையில பேப்பரோட. நான் இன்னா கேனையா? அது மலேசியா பூட்டுது, வர்றதுக்கு நாளாவும், செடிய அது வந்தாதான் எடுக்க முடியும்னு சொல்லிட்டன். அப்பறம் அவன் வந்தானா பாரு!"

அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வாய்வரைக்கும் வந்தது. வாசலில் யார் வந்து கேட்டாலும், அது வரி வசூலோ கரண்ட் பில்லோ, "ஊருல இல்ல" என்று சொல்லி அனுப்புவதுதான் இந்த வீட்டு வழக்கம். எத்தனையோ தடவை நானே அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர் கையைப் பார்த்தேன். முள் கீறல் நிறையக் காய்ந்திருந்தது. "சரி மாமா" என்று உள்ளே போய்விட்டேன்.

அன்றே முடிவு செய்தேன். விண்ணப்பம் போனால் போகட்டும், நான் கிளம்புகிறேன். வெளியேறும் அனுமதிக்கு சேகர் ஓடினார். அனுமதி வருவதற்குள் குமாரின் போன் வந்தது. "அக்கா" என்று மட்டும் சொன்னான்.

6

பெற்ற தாய்க்கு மகள் வாய்க்கரிசி போட வேண்டும். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். செல்போனுக்குள் என் தைப்பிங் வீட்டுக் கூடம் சின்னதாகத் தெரிந்தது. யார் யாரோ குனிந்து அரிசி போட்டார்கள். மாமா எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. ஒரு தட்டில் பச்சரிசியோடு வந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"போடும்மா. அங்க உன் தம்பி உனுக்கும் சேத்துப் போடும். நீ இங்க போடு."

கயல் போனை வாங்கி, அம்மாவின் முகம் தெரிகிற மாதிரி தரையில் படுக்க வைத்துப் பிடித்தாள். அரிசியைக் கண்ணாடி மேல் போட்டேன். அது சறுக்கித் தரையில் விழுந்தது. இன்னொரு பிடி போட்டேன், அதுவும் சறுக்கியது. கயல் விரலால் அரிசியைத் தள்ளித் தள்ளி, முகத்தைத் துடைத்துக் காட்டிக்கொண்டே இருந்தாள். அவளும் அழுதாள். யாரென்றே தெரியாது என்றாளே, அந்தக் கிழவிக்காக அழுதாளா, எனக்காகவா, தெரியவில்லை. எதற்காக இருந்தால் என்ன.

7

போன வாரம் மறுபடி ஒருவர் வந்தார். நான் எழுதிக் கொடுத்திருந்தேன் அல்லவா, அது இப்போதுதான் சுற்றி வந்திருக்கிறது. இந்தத் தடவை நானே கதவைத் திறந்தேன். நாற்காலி போட்டேன். மாமா கொஞ்சம் தள்ளி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

போலீஸ்காரர் இளைஞர், நல்ல மாதிரி. பாஸ்போர்ட், ஆதார், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் பார்த்தார். பிறகு ஒரு தாளைப் புரட்டினார். "போன தடவை எங்க ஸ்டேஷன்லேருந்து வந்தப்ப, நீங்க மலேசியா போயிட்டதா வூட்டுப் பெரியவரு சொன்னாருன்னு இருக்குதே?"

கட்டில் கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை.

"அன்னிக்கி நான் வெளியில போயிருந்தேன் சார். வந்தவர் தப்பா புரிஞ்சிக்கிட்டார் போலருக்கு."

"சரிங்க, பரவால்ல." எழுதிக்கொண்டார். "எங்கயாவது அவசரமா போவணுமா? அப்பா, அம்மா யாருக்காவது உடம்பு சரியில்லன்னா சொல்லுங்க. இன்னிக்கே ரிப்போர்ட்ட அனுப்பிடறன், சீக்கிரம் கெடைக்கும்."

"இல்ல சார். இனிமே அவசரம் ஒண்ணுமில்ல."

அவர் போன பிறகு வெகுநேரம் மாமா கட்டிலைவிட்டு எழவில்லை. வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். கடைசியில் கேட்டார்.

"எம்மா, அன்னிக்கி வந்தது... கொசுக்காரரு இல்லியா?"

"கொசுக்காரர்தான் மாமா. இது வேற யாரோ. காகிதத்துல ஏதேதோ எழுதுவாங்க."

"அப்பிடியா" என்றார். பின்கட்டுக்குப் போனார். காலையிலேயே கொட்டித் துடைத்த குவளைகளை மறுபடி ஒவ்வொன்றாகச் சாய்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அட்டை வந்துவிடும் என்கிறார்கள். வந்தால் ஆயுசுக்கும் நான் எங்கு வேண்டுமானாலும் போகலாம், வரலாம். வீட்டை விற்கலாமா என்று குமார் கேட்டிருக்கிறான். பெயிண்ட் டின்களை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறான்.

விளக்கு வைத்த நேரம், அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கதவோரம் மாமா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக் கேட்டார்.

"எம்மா, நீ பசியாறிட்டியா?"

"ஆச்சு மாமா" என்றேன். ஆகவில்லை.